நிறத்தை நம்பாதீர்கள்: பாசிகளின் ஒளி பிடிக்கும் புரதங்களை ஆன்டிபாடி கொண்டு ஒப்பிடுவது எப்படி

மண்டபம் பக்கம் மூங்கில் மிதவைகளில் வளர்க்கிற கப்பாஃபைகஸ் பாசியைப் பார்த்தவர்களுக்கு ஒரு குழப்பம் வந்திருக்கும். ஒரு கொத்து செம்பழுப்பு, பக்கத்துக் கொத்து நல்ல பச்சை. இரண்டுமே வகைப்பாட்டில் சிவப்புப் பாசிதான். கண்ணால் பார்க்கும் நிறத்தை வைத்து யாருக்கு யார் சொந்தம் என்று முடிவு கட்ட முடியாது என்பதற்கு இதைவிடக் கைக்கெட்டிய சாட்சி இல்லை.

பாசி ஒளியைப் பிடிப்பது நிறமியால். அந்த நிறமியைச் சரியான இடத்தில், சரியான கோணத்தில் பிடித்து வைத்திருப்பது ஒரு புரதம். ஆன்டிபாடி, அதாவது அந்நியப் புரதத்தைப் பிடிக்க விலங்கின் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள், பார்ப்பது அந்தப் புரதத்தைத்தான். புரதத்தின் மேற்பரப்பில் சில அமினோ அமிலங்கள் சேர்ந்த ஒரு சின்னத் திட்டு அதற்குப் போதும். உள்ளே உட்கார்ந்திருக்கும் நிறமி நீலமா சிவப்பா என்பது பெரும்பாலும் அதற்குப் பொருட்டே இல்லை. அதனால்தான் இந்தச் சோதனை, நிறம் மறைக்கும் உறவைக் காட்டிக் கொடுக்கிறது. முதுகலை மாணவர்கள், புதிதாக ஆய்வகத்துக்குள் வந்தவர்கள், ஒரு சிறு ஆய்வுத் திட்டமாக இதைச் செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், எதை எதோடு ஒப்பிடுகிறோம்?

பாசிகளின் ஒளி பிடிக்கும் புரதங்களை மூன்று குடும்பங்களாக மனதில் வைத்துக்கொண்டால் வேலை எளிது.

முதலாவது ஃபைகோபிலிபுரதங்கள். நீலப்பச்சைப் பாசியிலும் சிவப்புப் பாசியிலும் கிரிப்டோஃபைட் என்னும் நுண்பாசிகளிலும் இருப்பவை, தண்ணீரில் கரையும். ஃபைகோஎரித்ரின் சிவப்பு, ஃபைகோசயனின் நீலம், அல்லோஃபைகோசயனின் சற்று வெளிறிய நீலம். இரண்டாவது, ஒளிச்சேர்க்கை நடக்கும் தைலகாய்டு சவ்வுக்குள் பதிந்திருக்கும் பச்சையப் புரதங்கள். பச்சைப் பாசியில் பச்சையம் ஏ, பி இரண்டையும் தாங்குபவை. டயாட்டம்களிலும் பழுப்புப் பாசிகளிலும் பச்சையம் சி, ஃபியூகோசாந்தின் ஆகியவற்றைத் தாங்குபவை. மூன்றாவது, டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்னும் நுண்பாசிகளில் உள்ள பெரிடினின்-பச்சையப் புரதம். இது தண்ணீரில் கரையும், மற்ற இரண்டோடும் உறவில்லாத தனி ரகம்.

முதல்முறை செய்கிறவர்கள் ஃபைகோபிலிபுரதங்களில் தொடங்குங்கள் என்பேன். தண்ணீரிலேயே கரைவதால் டிடர்ஜென்ட் தொல்லை இல்லை. நிறமி புரதத்தின் சிஸ்டீனோடு வேதிப்பிணைப்பால் ஒட்டியிருப்பதால் எஸ்டிஎஸ் (புரதத்தை விரித்துவிடும் டிடர்ஜென்ட்) போட்டாலும் கழன்று வராது. புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓடும்போதே கண்ணுக்குத் தெரியும். பச்சையமோ அப்படி ஒட்டியதல்ல. மாதிரியைச் சூடாக்கியதும் கழன்று, ஜெல்லின் அடிமுனையில் ஒரு பச்சைக் கோடாக ஓடிவிடும்.

மாதிரிகள்: நான்கு போதும்

ஸ்பைருலினா பொடி (ஃபைகோசயனினுக்கு), கஞ்சிப்பாசி என்று நம் மீனவர்கள் சொல்லும் கிராசிலேரியா (ஃபைகோஎரித்ரினுக்கு), உல்வா என்ற பச்சைக் கடற்பாசி, முடிந்தால் ஒரு கிரிப்டோஃபைட் நுண்பாசி வளர்ப்பு. உல்வாவில் ஃபைகோபிலிபுரதம் கிடையாது. அதனால்தான் அது வேண்டும். எதுவும் வரக்கூடாத இடத்தில் எதுவும் வரவில்லை என்று காட்ட அது ஒன்றுதான் துணை.

கடற்பாசியைக் கரையில் ஒதுங்கிய குப்பையிலிருந்து எடுக்காதீர்கள். வெயிலில் நிறமி வெளுத்து, புரதம் சிதைந்திருக்கும். பாறையில் ஒட்டியிருப்பதையோ வளர்ப்பு மிதவையில் இருப்பதையோ எடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. அங்கே கை வைப்பதற்கு முன் வனத்துறையின் அனுமதி கட்டாயம். எடுத்ததைக் கடல்நீரிலேயே கழுவி, ஈரத்துணியில் சுற்றி, ஐஸ் பெட்டியில் இருட்டாகக் கொண்டு வாருங்கள். குழாய் நீரில் ஊறவைக்க வேண்டாம். நல்ல நீர் பட்டால் செல் வெடித்து, நீங்கள் தேடிப்போன ஃபைகோஎரித்ரின் ரோஜா நிறத் தண்ணீராகத் தொட்டியில் போய்விடும்.

இனி, நான் பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்று. என் முதல் சோதனையில் உல்வா சாறு ஃபைகோசயனின் ஆன்டிசீரத்தோடு (ஃபைகோசயனினைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் கொண்ட விலங்குச் சீரம்) ஒரு மெல்லிய கோடு, அதாவது பிடித்ததற்கான அடையாளம், கொடுத்தது. பச்சைப் பாசியில் ஃபைகோசயனினா என்று இரண்டு நாள் பரவசத்தில் இருந்தேன். மூன்றாம் நாள் மீதமிருந்த உல்வாத் துண்டை நுண்ணோக்கியில் வைத்தபோது இலையின் விளிம்பு நெடுக நீலப்பச்சைப் பாசி இழைகள், மணிமணியாகக் கோத்த நூல் போல ஒட்டிக் கிடந்தன. கோடு உல்வாவுடையதல்ல, அந்த ஒட்டுயிர்களுடையது. அன்றிலிருந்து எந்தக் கடற்பாசியானாலும் மென்மையான பிரஷால் தேய்த்துக் கழுவி, குறைந்தது ஐந்து துண்டுகளை நுண்ணோக்கியில் பார்க்காமல் நான் அரைப்பதில்லை. நீங்களும் அதைச் செய்யுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

சாறு எடுப்பது

ஸ்பைருலினா சுலபம். ஒரு கிராம் பொடியை 25 மில்லி, 0.1 மோலார் பாஸ்பேட் பஃபரில் (பிஎச் 7.0) கலக்கி, 4 டிகிரியில் இருட்டில் ஒரு இரவு வையுங்கள். காலையில் 10,000 ஜி வேகத்தில் 20 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ் செய்தால் மேலே மையைப் போல நீலத் திரவம் நிற்கும். குழாயை ஜன்னல் வெயிலில் பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள்: நீலத்துக்குள்ளிருந்து ஒரு சிவப்பு மினுக்கம் தெரியும். அது ஒளிர்வு. அது தெரிந்தால் புரதம் நலமாக இருக்கிறது. நீலம் இருந்தும் மினுக்கம் இல்லையென்றால் எங்கேயோ சூடு பட்டுவிட்டது.

கிராசிலேரியாவுக்குக் கொஞ்சம் உடலுழைப்பு வேண்டும். திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, கல்வத்தில் மாவு போல அரைத்து, மூன்று பங்கு குளிர்ந்த பஃபரில் கரைக்க வேண்டும். திரவ நைட்ரஜன் இல்லாதவர்கள் உறையவைத்து உருக்குவதை நான்கைந்து முறை செய்யலாம். மெதுவாக வரும், ஆனால் வரும். இந்தப் பாசியில்தான் அகார் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். சாறு கஞ்சி போலக் கொழகொழக்கும். பேர் சும்மா வைக்கவில்லை. சென்ட்ரிஃபியூஜை இரண்டு முறை ஓட்டுங்கள். புரதம் அறுக்கும் நொதிகளைத் தடுக்க பிஎம்எஸ்எஃப் சேர்ப்பதானால் அரைப்பதற்குச் சற்று முன் சேருங்கள். தண்ணீரில் அதன் ஆயுள் குறைவு.

அடுத்து அம்மோனியம் சல்பேட், புரதத்தைக் கரைசலிலிருந்து படியவைக்கும் உப்பு. முதலில் 20 சதவீத நிறைவுச் செறிவுக்குக் கொண்டுவந்து படிவதை ஒதுக்கிவிட்டு, பிறகு 55 வரை ஏற்றினால் நிறமுள்ள புரதம் அடியில் படியும். அதைக் கொஞ்சம் பஃபரில் கரைத்து, டயாலிசிஸ் பையில் இரவு முழுக்க வைத்து உப்பை நீக்குங்கள். ஸ்பைருலினா ஃபைகோசயனினின் தூய்மையை அறிய, 620 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சும் அளவை 280-இன் அளவால் வகுத்துப் பாருங்கள். 0.7 வந்தால் உணவுத் தரம். 4-ஐத் தாண்டினால்தான் ஆய்வுத் தரம். நம் ஒப்பீட்டுக்கு 4 கட்டாயமில்லை, ஆனால் ஆன்டிசீரம் தயாரிக்க விலங்குக்குச் செலுத்தப் போகிறீர்கள் என்றால் கட்டாயம்.

எவ்வளவு புரதம் இருக்கிறது?

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். புரதத்தைச் சாயத்தால் அளக்கும் பிராட்ஃபோர்டு முறை 595 நானோமீட்டரில் நீலத்தை அளக்கிறது. நம் ஃபைகோசயனினே நீலம், உச்சம் 620-இல். சரி, இன்னொரு புரத அளவீடான பிசிஏ முறைக்குப் போகலாம் என்றால் அது 562-இல் அளக்கிறது. ஃபைகோஎரித்ரினின் உச்சம் 565. இரண்டு முறையும் நம் புரதத்தின் சொந்த நிறத்தையும் சேர்த்து எண்ணிவிடும். அசிட்டோனில் கழுவி நிறத்தை நீக்கவும் முடியாது, நிறமி பிணைப்பால் ஒட்டியது என்று மேலே சொன்னேன்.

சுத்தமான ஃபைகோசயனினுக்கு பென்னட்டும் போகோராடும் 1973-இல் தந்த சமன்பாடு இருக்கிறது: 615-இன் அளவிலிருந்து, 652-இன் அளவை 0.474-ஆல் பெருக்கிக் கழித்து, வருவதை 5.34-ஆல் வகுத்தால் மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று கிடைக்கும். கச்சாச் சாறுகளுக்கு நான் செய்வது: எல்லா மாதிரிகளையும் ஒரு சோதனை ஜெல்லில் ஓட்டி, கூமாசி சாயம் போட்டு, பட்டைகளின் அடர்த்தி சமமாகும் வரை அளவைத் திருத்திக்கொள்வது. ஒரு நாள் கூடுதலாகப் போகும். போகட்டும். சமமில்லாத மாதிரிகளை ஒப்பிட்டு வரும் முடிவு முடிவே அல்ல. பச்சைய அளவைச் சமப்படுத்தி ஏற்றும் பழக்கம் சில ஆய்வகங்களில் உண்டு. ஒரே பாசியின் இரண்டு நிலைகளை ஒப்பிட அது சரி, வெவ்வேறு பாசிக் குழுக்களை ஒப்பிட அது உதவாது.

ஆன்டிபாடி எங்கே கிடைக்கும்?

முயலில் தயாரிக்க விலங்கு நெறிக்குழுவின் ஒப்புதல், விலங்ககம், இரண்டு மூன்று மாதம் எல்லாம் வேண்டும். தொடக்கத்தில் வாங்குவதே நல்லது. ஸ்வீடனின் அக்ரிசெரா போன்ற நிறுவனங்கள் தாவர, பாசிப் புரதங்களுக்கான ஆன்டிபாடிகளை விற்கின்றன. ஃபைகோஎரித்ரினுக்கு இன்னொரு வழியும் உண்டு. 1980களிலிருந்து மருத்துவ ஆய்வகங்கள் செல்களை எண்ண ஃபைகோஎரித்ரினை ஒளிரும் அடையாளமாகப் பயன்படுத்துகின்றன. அதனால் அதற்கு எதிரான ஆன்டிபாடி அந்தச் சந்தையிலும் கிடைக்கிறது. வாங்கும்போது பாலிகுளோனலா, அதாவது பல திட்டுகளையும் பிடிக்கும் ஆன்டிபாடிகளின் கலவையா, என்று பாருங்கள். மோனோகுளோனல் ஒரே ஒரு திட்டை மட்டும் பார்க்கும். அந்தத் திட்டு மட்டும் மாறியிருந்தால் நெருங்கிய சொந்தத்தையும் அந்நியன் என்று சொல்லிவிடும். உறவு தேடும் வேலைக்குப் பாலிகுளோனல்தான்.

வந்ததும் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து உறைய வையுங்கள். ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால் வலு போய்விடும்.

முதல் சோதனை: அகாரோஸ் தட்டு

ஸ்வீடனைச் சேர்ந்த ஊக்டர்லோனி 1940களில் கொண்டுவந்த இரட்டைப் பரவல் முறை. பழையது என்று ஒதுக்காதீர்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், புரதத்தை அதன் இயல்பு வடிவிலேயே சோதிக்கிறது, உறவின் தன்மையைக் கோட்டின் வடிவத்திலேயே காட்டுகிறது.

உப்பு கலந்த பாஸ்பேட் பஃபரில் ஒரு சதவீத அகாரோஸை உருக்கி, தட்டில் மூன்று நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு ஊற்றுங்கள். பூஞ்சை வராமல் 0.02 சதவீதம் சோடியம் அசைடு சேர்க்கலாம். அது கொடிய நச்சு, கையுறை இல்லாமல் தொடக்கூடாது, அமிலத்தோடு சேரவும் கூடாது. இறுகியதும் நடுவில் ஒரு குழி, சுற்றிலும் ஆறு. குழி மூன்று மில்லிமீட்டர் அகலம், குழிக்குக் குழி ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி. நடுக்குழியில் ஆன்டிசீரம், சுற்றியுள்ளவற்றில் மாதிரிகள், ஒவ்வொன்றிலும் பத்து மைக்ரோலிட்டர். ஈரப் பஞ்சு வைத்த டப்பாவில் மூடி, இருட்டில் ஒன்றிரண்டு நாள் விட்டுவிடுங்கள். ஆன்டிபாடியும் புரதமும் பரவிச் சந்தித்துப் பிடித்துக்கொள்ளும் இடத்தில் ஒரு கோடு படியும்.

மாதிரியை மில்லிக்கு ஒரு மில்லிகிராமில் தொடங்கி, பாதி, கால், அரைக்கால் என்று நீர்த்துப் பாருங்கள். மாதிரி மிகுதியானாலும் கோடு கரைந்துவிடும். புதியவர்கள் அதை “உறவில்லை” என்று எழுதிவிடுவார்கள்.

ஃபைகோபிலிபுரதத்தில் இந்தச் சோதனை செய்வது தனி அழகு. வழக்கமாகக் கோடு வெள்ளையாகத்தான் இருக்கும், இருட்டுப் பின்னணியில் வைத்துத் தேட வேண்டும். இங்கே கோட்டுக்கே நிறம் உண்டு. ஃபைகோஎரித்ரின் குழிக்கு முன்னால் மயிரிழை போல ஒரு ரோஜாக் கோடு. புற ஊதா விளக்கில் அது ஆரஞ்சாக எரியும். (விளக்கைப் போடும் முன் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.)

இனி படிப்பது. அடுத்தடுத்த இரண்டு குழிகளின் கோடுகள் வளைந்து ஒன்றாக இணைந்தால், ஆன்டிசீரத்தின் பார்வையில் இரண்டு புரதங்களும் ஒன்று. ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு குறுக்கே போனால் இரண்டும் வேறு. இணைந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் சின்ன முள் போல நீண்டால், பகுதி உறவு: சில திட்டுகள் பொது, சில ஒன்றுக்கு மட்டும் உரியவை. ஸ்பைருலினா ஃபைகோசயனின் ஆன்டிசீரத்தை நடுவில் வைத்தால், ஸ்பைருலினாவுக்கும் கிராசிலேரியாவுக்கும் நடுவே அந்த முள்ளை எதிர்பார்க்கலாம். ஏனென்றால் சிவப்புப் பாசியிலும் ஃபைகோசயனின் உண்டு, ஃபைகோஎரித்ரினின் சிவப்பு அதை மூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

கிளேசர், கோஹன்-பசீர், ஸ்டேனியர் மூவரும் 1971-இல் இதே முறையில்தான் பெரிய ஒப்பீட்டைச் செய்தார்கள். நீலப்பச்சைப் பாசியின் ஃபைகோசயனின் ஆன்டிசீரம் சிவப்புப் பாசியின் ஃபைகோசயனினைப் பிடித்தது. ஆனால் அதே உயிரின் அல்லோஃபைகோசயனினைப் பிடிக்கவில்லை. இதை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஸ்பைருலினா போன்றவற்றில் ஃபைகோசயனின், அல்லோஃபைகோசயனின் இரண்டும் தாங்கும் நிறமி ஒன்றே. ஒரே செல், ஒரே நிறமி, ஆனாலும் ஆன்டிபாடிக்கு அந்நியர்கள். வேறு பாசியில், கோடிக்கணக்கான ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்த புரதம் சொந்தம்.

கிரிப்டோஃபைட் கிடைத்தவர்களுக்கு இதைவிடப் பெரிய வியப்பு காத்திருக்கிறது. குரூமோனாஸ் என்ற கிரிப்டோஃபைட் நீலப்பச்சை. அதன் புரதத்துக்குப் பெயரும் ஃபைகோசயனின்தான். ஆனால் கிரிப்டோஃபைட்டுகளின் நீலப் புரதமும் சிவப்புப் புரதமும் ஒன்றுக்கொன்று உறவு, அந்த உறவு போய்ச் சேருவது சிவப்புப் பாசியின் ஃபைகோஎரித்ரினிடம் என்று 1970களிலேயே ஆன்டிபாடிச் சோதனைகள் காட்டின. பின்னால் அமினோ அமில வரிசைகள் வந்தபோது, பீட்டா துணைப்பகுதி சிவப்புப் பாசி ஃபைகோஎரித்ரினின் வழித்தோன்றல் என்று உறுதியானது.

இரண்டாம் சோதனை: வெஸ்டர்ன் பிளாட்

தட்டு உறவைச் சொல்லும், எந்த அளவுள்ள புரதம் என்று சொல்லாது. அதற்குத்தான் இது: ஜெல்லில் அளவு வாரியாகப் பிரித்த புரதங்களை ஒரு தாளுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடும் முறை. 15 சதவீத ஜெல், கச்சாச் சாறு என்றால் குழிக்குப் பத்து மைக்ரோகிராம். ஃபைகோபிலிபுரதத்தின் ஆல்ஃபா, பீட்டா துணைப்பகுதிகள் 17 முதல் 21 கிலோடால்டனுக்குள் (புரத எடையின் அலகு) ஓடும். ஓட்டி முடித்ததும் ஜெல்லைத் துத்தநாக அசிடேட் கரைசலில் சில நிமிடம் நனைத்துப் புற ஊதாவில் பாருங்கள். நிறமி தாங்கிய பட்டைகள் மட்டும் ஒளிரும். இதற்கென்று ஒரு ஜெல்லைத் தனியாக ஒதுக்குங்கள்.

மற்றதை 0.2 மைக்ரான் பிவிடிஎஃப் தாளுக்கு (புரதம் ஒட்டிக்கொள்ளும் சவ்வு) மாற்றுங்கள். தாளை முதலில் மெத்தனாலில் நனைக்க வேண்டும். மாற்றியதும் புரதம் வந்து சேர்ந்ததா என்று காட்டும் பான்சோ சாயம், அப்புறம் ஐந்து சதவீத ஆடை நீக்கிய பால்பொடிக் கரைசலில் ஒரு மணி நேரம், முதல் ஆன்டிபாடி 4 டிகிரியில் இரவு முழுக்க, மூன்று முறை கழுவல், முதலாவதைப் பிடித்து அடையாளம் காட்டும் இரண்டாம் ஆன்டிபாடி, மறுபடி கழுவல். இவையெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருப்பவை. பாசிக்கென்று நான் சேர்ப்பது ஒன்றுதான்: இரண்டாம் ஆன்டிபாடி ஒளிரும் சாயம் கொண்டதாக இருக்க வேண்டாம். ஃபைகோபிலின் நிறமி தானே ஒளிரும்; எது ஆன்டிபாடியின் ஒளி, எது நிறமியின் ஒளி என்று பிரிக்கவே முடியாது. பெராக்சிடேஸ் நொதி ஒட்டியதை வாங்குங்கள்.

கட்டுப்பாட்டுக் குழிகளில் கஞ்சத்தனம் கூடாது. ஆன்டிபாடி எதற்கு எதிராகத் தயாரானதோ அந்தப் புரதம் ஒரு குழியில். எந்த ஒளிச்சேர்க்கையும் இல்லாத ஈஸ்ட் அல்லது இ. கோலை சாறு ஒரு குழியில். முதல் ஆன்டிபாடி இல்லாமல் இரண்டாவதை மட்டும் போட்ட ஒரு துண்டு. முயலின் தடுப்பூசிக்கு முந்திய சீரம் போட்ட ஒரு துண்டு. 55 கிலோடால்டன் பக்கம் தடித்த பட்டை தெரிந்தால் ரூபிஸ்கோ (ஒளிச்சேர்க்கைச் செல்களில் மிகுந்திருக்கும் நொதி) என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். எஸ்டிஎஸ் புரதத்தை விரித்துவிடுவதால், தட்டில் அந்நியமாக நின்ற ஃபைகோசயனினும் ஃபைகோஎரித்ரினும் பிளாட்டில் மெல்லிய பட்டை காட்டலாம். பழைய மூதாதை ஒன்று என்பதால் வரிசையில் ஒற்றுமை மிச்சமிருக்கிறது. மடிந்திருக்கும்போது அது வெளியே தெரிவதில்லை. இரண்டு முடிவுகளும் முரண்பட்டால் ஒன்றைத் தூக்கி எறியாமல் இரண்டையும் எழுதுங்கள்.

சவ்வுப் புரதங்களுக்குப் போகும்போது

கை பழகியபின் பச்சையப் புரதங்களுக்குப் போகலாம். மாதிரியைக் கொதிக்க வைக்காதீர்கள். இவை சவ்வுப் புரதங்கள், கொதித்தால் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு ஜெல்லின் வாயிலேயே நின்றுவிடும். 70 டிகிரியில் பத்து நிமிடம் போதும். பழுப்புப் பாசியில், உதாரணமாகக் கட்டக்கோரை என்னும் சர்காஸத்தில், ஆல்ஜினேட்டும் ஃபீனால்களும் மிகுதி. அரைக்கும்போது ஃபீனால்களை உறிஞ்சும் பிவிபிபி பொடி சேர்க்காவிட்டால் சாறு பழுத்துக் கறுத்துவிடும். பச்சைப் பாசியின் புரதம் 25 முதல் 30 கிலோடால்டனிலும், ஃபியூகோசாந்தின் புரதம் 17 முதல் 22-இலும் வரும்.

சிவப்புப் பாசிக்கு ஃபைகோபிலிபுரதம் தவிர வேறு ஒளி பிடிக்கும் புரதம் இல்லை என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். மேரிலாந்தின் எலிசபெத் கேன்ட், பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெவர்லி கிரீன் ஆகியோரின் குழுக்கள் 1994-இல் போர்ஃபிரிடியம் என்ற சிவப்பு நுண்பாசியில் அந்த எண்ணத்தை மாற்றின. மற்றக் குழுக்களின் பச்சையப் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள் அதில் சுமார் 20 கிலோடால்டன் புரதங்களைப் பிடித்தன. பச்சை, பழுப்பு, சிவப்பு என்று நிறம் பிரிந்த பசுங்கணிகங்களுக்கு ஒரே மூலம் என்ற வாதத்துக்கு அது வலுவான சான்றாக அமைந்தது. மறுபக்கம், டைனோஃபிளாஜெல்லேட்டின் பெரிடினின் புரதத்தை இந்த ஆன்டிபாடிகளோடு வைத்துப் பாருங்கள்; அது மௌனமாக இருக்க வேண்டும். 1996-இல் வெளியான அதன் படிக அமைப்பு, அது முற்றிலும் வேறு கட்டுமானம் என்று காட்டிவிட்டது. நல்ல எதிர்மறைச் சாட்சி அது.

முடிவை எழுதும்போது

பட்டை வந்தால் “இந்த ஆன்டிசீரத்தோடு வினைபுரியும், இந்த அளவுள்ள புரதம் இருக்கிறது” என்று எழுதுங்கள். பட்டையின் கறுப்பை அளந்து “60 சதவீத உறவு” என்று எழுதாதீர்கள். கறுப்பு புரதத்தின் அளவையும் ஆன்டிபாடியின் பிடிப்பையும் சேர்த்துக் காட்டுகிறது. பட்டை வராவிட்டால் “கண்டறியப்படவில்லை” என்பதோடு நிறுத்துங்கள். முடிந்தால் மறுதலையாகவும் செய்யுங்கள்: ஸ்பைருலினா ஆன்டிசீரம் கிராசிலேரியாவைப் பிடித்தால், கிராசிலேரியா ஆன்டிசீரம் ஸ்பைருலினாவைப் பிடிக்கிறதா என்று. இரு திசையிலும் வந்தால்தான் நான் அந்த உறவை நம்பி எழுதுவேன். சந்தேகமான பட்டையை ஜெல்லிலிருந்து வெட்டி, மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வசதியுள்ள மையத்துக்கு அனுப்பலாம். அனுப்பும் குழாயின் மேல் பாசியின் பெயர், எடுத்த இடம், தேதி, நுண்ணோக்கியில் எத்தனை துண்டு பார்த்தீர்கள் என்பதையும் எழுதி ஒட்டுங்கள்.